சவுக்குக் கிளைக்குக் கடைசல் குருவி வீடு

மதுரைப் பக்கம் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்பது மணல் நிரப்பிய வாளியில் நட்டுவைத்த சவுக்குக் கிளைதான். சவுக்கின் நுனிக்கொம்பு பென்சில் பருமன்கூட இருக்காது. அதில் தொங்கவிட, லேத்தில் (கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில்) கடைந்த ஒரு சின்னக் குருவி வீட்டைச் செய்யப் போகிறோம். 40 கிராம் கட்டையைக் கட்டினால் கொம்பு வளைந்து, குருவி வீடு வாளிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால் இந்தத் தொங்கல் பொருளுக்கு எல்லா அளவும் எடையிலிருந்தே தொடங்குகின்றன. கொக்கியோடு சேர்த்து 25 கிராமுக்குள் அடங்க வேண்டும். கீழே சொல்லும் அளவில் உள்ளே குடையாமல் விட்டால் கனமான கட்டையில் 40 கிராமைத் தொடும். குடைந்தால் 20 முதல் 25 கிராம்.

குடைந்த பிறகு சுவர் மெலிந்துவிடும். மெலிந்த சுவரில் வாசல் ஓட்டை போட்டால் உள்பக்கம் பிய்யும், உளி பட்டால் அதிரும், கட்டையைப் பிடிக்கும் சக்கை இறுக்கினால் விரியும். ஆகவே இந்த வேலைக்கு ஒரே ஒரு விதி: கட்டை கெட்டியாக இருக்கும்போதே செய்யக்கூடிய எல்லாவற்றையும் முடித்துவிட்டு, குடைவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிவடிவம், உப்புத்தாள், வாசல் ஓட்டை, அதற்குப் பிறகுதான் குடைவு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு நல்ல உளியும் கைகொடுக்காது.

வடிவமும் அளவும்

வெளிநாட்டுப் படங்களில் வரும் நான்கு சுவர், இரட்டைச் சரிவுக் கூரை வீடு லேத்துக்கு ஒத்துவராது. லேத் தருவது உருண்டை வடிவம். நம் ஊர் நெற்குதிரை நினைத்துக்கொள்ளுங்கள்: வயிறு புடைத்த மண் உடல், மேலே கூம்பாக ஓலைக் கூரை. அதைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, அடியில் பம்பரத்தின் நுனிபோல ஒரு தொங்கல் வைத்தால் வடிவம் தயார்.

உடல் 50 மி.மீ. உயரம். வாய் விளிம்பின் வெளிவிட்டம் 32 மி.மீ., வாயிலிருந்து 20 மி.மீ. கீழே வயிறு 38 மி.மீ., 34 மி.மீ. கீழே 33 மி.மீ., அடி முனையில் 14 மி.மீ. உள்ளே 25 மி.மீ. விட்டத்தில் 34 மி.மீ. ஆழம் குடைவு. அடியில் 16 மி.மீ. கெட்டியாக நிற்கும். கூரை 44 மி.மீ. விட்டம், 30 மி.மீ. உயரம். அதன் கீழே உடலின் வாய்க்குள் இறங்கும் கழுந்து (ஓட்டைக்குள் பொருந்தும் முளை) 25 மி.மீ. விட்டம், 4 மி.மீ. நீளம். தொங்கல் வெளியே தெரிவது 40 மி.மீ., உடலுக்குள் போகும் கழுந்து 6 மி.மீ. விட்டத்தில் 10 மி.மீ. வாசல் ஓட்டை 10 மி.மீ., அதன் கீழே குருவி உட்காரும் குச்சிக்கு 2 மி.மீ.

இது அலங்காரப் பொருள் மட்டும். உண்மையான சிட்டுக்குருவி நுழைய ஏறத்தாழ 32 மி.மீ. வாசல் வேண்டும், உள்ளே உள்ளங்கை அளவுக்காவது இடம் வேண்டும். இந்தச் சின்ன வீட்டில் வாசலைப் பெரிதாக்கினால் குருவி வராது, பொருளின் அழகுதான் கெடும். உடலின் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரிய வாசல்தான் கண்ணுக்கு வீடாகத் தெரிகிறது.

பன்னிரண்டு உருப்படிக்கு வேண்டிய கட்டை: உடலுக்கு 45 × 45 × 75 மி.மீ. பன்னிரண்டு, கூரைக்கு 50 × 50 × 55 மி.மீ. பன்னிரண்டு, தொங்கலுக்கு 15 × 15 × 75 மி.மீ. பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாக வெட்டிவைத்துக்கொள்ளுங்கள். தொங்கலில் மட்டும் நான்கு கூடுதல், அதுதான் அதிகம் ஒடியும். மூன்றிலும் நார் ஓட்டம் நீளவாக்கில், அதாவது லேத்தின் அச்சோடு ஒத்துப் போக வேண்டும். உடலும் கூரையும் ஒரே திசை நாராக இருந்தால்தான் மழையிலும் வெயிலிலும் இரண்டும் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கும்.

எந்த மரம்

மரவாடிக்குப் போகுமுன் விறகுக் கடையைப் பாருங்கள். மதுரை, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் வட்டாரத்தில் காடாக மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் கரிமூட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. கடைசலுக்கு அது முதல்தரக் கட்டை. காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்கும். கடைந்த வட்டம் வட்டமாகவே இருக்கும். வைரப் பகுதி செம்பழுப்பு நிறம், எண்ணெய் பட்டால் ஆழ்ந்த சிவப்பு. கூரைக்கும் தொங்கலுக்கும் இதைவிடப் பொருத்தமான கட்டை இந்தப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்காது. தொடைப் பருமனுக்குக் குறையாத, கோணல் குறைந்த துண்டாகப் பொறுக்குங்கள். வைரத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வெளிப்பகுதியை முழுதும் சீவித் தள்ளிவிட வேண்டும். உளு முதலில் விழுவது அங்கேதான். கட்டையைத் தட்டினால் மாவுபோலத் தூள் உதிர்ந்தால், குண்டூசித் துளை ஒன்று தெரிந்தால்கூட, அந்தத் துண்டை எடுக்காதீர்கள். ஒரு உளுத்த வீட்டைப் பெட்டியில் போட்டு வைத்தால் அடுத்த வருஷம் பெட்டி முழுக்கப் பரவியிருக்கும்.

உடலுக்கு வெளிர்நிறக் கட்டை நல்லது, கருமையான கூரையோடு எடுப்பாக நிற்கும். வெட்பாலை கிடைத்தால் வேறெதுவும் தேட வேண்டாம். மரச்சொப்பு கடைபவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது, நார் நுண்மையாக இருக்கும், உளி வெண்ணெயில் போவதுபோலப் போகும். மஞ்சக்கடம்பும் அப்படியே. குமிழ் இலேசான கட்டை, எடை குறைக்க உதவும், ஆனால் உளி மழுங்கினால் மேற்பரப்பு பஞ்சுபோல எழும்பும். வேம்பு எங்கும் கிடைக்கும், ஆனால் நார் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னியிருப்பதால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிய்ந்தும் வரும். பழகிய கைக்கு மட்டும். மாங்கட்டை வேண்டாம், உளு சீக்கிரம் பிடிக்கிறது. வாகையின் தூள் தும்மலைக் கிளப்பும், சின்னக் கூடத்தில் அதைக் கடைய வேண்டாம்.

பச்சைக் கட்டையானால் வெட்டிய அன்றே இரு முனைகளிலும் ஃபெவிகாலோ மெழுகோ தடவுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் வெடிப்பு தொடங்கும். வளையங்கள் தொடங்கும் நடுப்புள்ளி எந்தத் துண்டிலும் வரக் கூடாது. அந்தப் புள்ளியை உள்ளே வைத்துக்கொண்டு காய்ந்த கட்டை வெடிக்காமல் இருந்ததில்லை. வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில், துண்டுகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்குங்கள். காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் சமையலறைத் தராசு போதும். இரண்டு துண்டுகளில் எண் எழுதி வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. சித்திரை வைகாசியில் அறுத்துப் போட்ட துண்டுகள் ஆவணிக்குள் தயாராகிவிடும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு காயப்போட்டால் டிசம்பருக்கு ஆகாது. கிறிஸ்துமஸுக்கு முன்வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும், அன்றிலிருந்து வீடுகளில் நட்சத்திரம் ஏறத் தொடங்கும். அதற்கு முன் பூச்சு காய்ந்து கையில் இருக்க வேண்டுமானால் கடைசல் வேலை நவம்பர் நடுவில் முடிய வேண்டும்.

லேத், உளி, உடை

அரை குதிரைத்திறன் மோட்டார் வைத்த சின்ன மர லேத் போதும். நான்கு தாடை சக், கட்டையின் முனையைத் தாங்கிச் சுழலும் சென்டர், டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனைத் தாங்கியில்) மாட்டும் ட்ரில் சக். உளிகளில் முக்கால் இஞ்ச் ரஃபிங் கௌஜ் (சதுரக் கட்டையை உருட்டும் குழிவுளி), மூன்று நூல் ஸ்பிண்டில் கௌஜ் (வளைவு கடையும் சின்னக் குழிவுளி), அரை இஞ்ச் ஸ்க்யூ (சாய்ந்த விளிம்புள்ள தட்டை உளி), ஒரு நூல் பார்ட்டிங் உளி (அறுத்தெடுக்கும் மெல்லிய உளி). ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. சீமைக்கருவேலம் உளியை மற்ற மரங்களைவிட வேகமாக மழுக்கும். ஒவ்வொரு கூரைக்கும் ஒருமுறை சாணை பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சுருள் சுருளாக வந்த சீவல் தூளாக வரத் தொடங்கினால் அதுதான் சாணைக்கு அழைப்பு.

குடைவுக்கு 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட். அலமாரிக் கீலுக்குக் குழி எடுக்கத் தச்சர்கள் வைத்திருப்பார்களே, அதே வகையில் சின்ன அளவு. வாசலுக்கு 10 மி.மீ. மர பிட், நடுவில் முள்ளும் ஓரத்தில் பல்லும் உள்ளது. இரும்புக்கான சாதா பிட் ஓட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும்.

மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, கழுத்துச் சங்கிலி, தோளில் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் லேத் பக்கத்தில் ஆகாது. கையுறையும் ஆகாது. சுழலும் கட்டை துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடித் தடுப்பும் தூள் முகக்கவசமும் கட்டாயம். சீமைக்கருவேலத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும். இன்னொன்று, மின்சாரம் போனால் உடனே சுவிட்சை அணையுங்கள். உளியைக் கட்டைமேல் வைத்தபடி கரண்டுக்காகக் காத்திருந்தால், திரும்பி வரும் நொடியில் லேத் தானே ஓடத் தொடங்கும். மின்சாரம் போனதும் தானே விழுந்துவிடும் சுவிட்சை மாட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

முதலில் ஒரு அளவுக் கட்டை

பன்னிரண்டு உடல், பன்னிரண்டு கூரை, எந்தக் கூரையும் எந்த உடலிலும் பொருந்த வேண்டும். அதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. ஏதாவது கெட்டியான 60 மி.மீ. கட்டையைச் சக்கில் பிடித்து, முகத்தைச் சமமாக்கி, உடலைக் குடையப் போகும் அதே 25 மி.மீ. பிட்டால் 10 மி.மீ. ஆழம் குழி எடுங்கள். குழியின் நடுவில் 8 மி.மீ. பிட்டால் பின்பக்கம் வரை துளைத்துவிடுங்கள். இந்தக் கட்டை இரண்டு வேலை செய்யும். கூரையின் கழுந்தைச் சரிபார்க்கும் அளவுகோல் இதுதான். கூரையைத் திருப்பிப் பிடித்து உச்சியைக் கடையும்போது பிடிமானமும் இதுதான். இதில் பொருந்தும் கழுந்து உடலிலும் பொருந்தியே தீரும், ஏனென்றால் ஓட்டை ஒரே பிட்டின் ஓட்டை. பின்பக்கத் துளை எதற்கென்றால், இறுகிப்போன கூரையைக் கம்பியால் பின்னிருந்து தட்டி எடுப்பதற்கு. கட்டையை ஒருமுறை சக்கில் பிடித்தபின் எந்தத் தாடைக்கு எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். கழற்றி மாட்டும்போது அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் மையம் தப்பாது.

உடல்

கட்டையை இரு முனை சென்டர்களுக்கு இடையே பிடித்து நிமிடத்துக்கு 1,200 சுழற்சி வேகத்தில் ரஃபிங் கௌஜால் உருட்டுங்கள். உருண்டதும் 2,000-க்கு ஏற்றலாம். ஒரு முனையில் சக்குக்கான கழுந்து: 6 மி.மீ. நீளம், விட்டம் உங்கள் சக்கின் தாடைகள் ஏறக்குறைய மூடிய நிலையில் பிடிக்கும் அளவு. தாடைகள் அகல விரிந்து பிடித்தால் அவற்றின் ஓர முனைகள் மட்டுமே கட்டையைத் தொடும், வேலை நடுவில் கழன்று பறக்கும். கழுந்தின் தோள் தாடையின் முகத்தில் தட்டையாக உட்கார வேண்டும், கழுந்தின் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது.

சக்கில் பிடித்து, வாய்ப்பக்கத்தை டெயில்ஸ்டாக் நோக்கி வைத்து, முகத்தைச் சமமாக்குங்கள். பிறகு வெளிவடிவம். பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்துக்கு இறங்கும் திசையில் மட்டும் உளியை நகர்த்துங்கள். வயிற்றிலிருந்து வாய்க்கு ஒரு வெட்டு, வயிற்றிலிருந்து அடிக்கு ஒரு வெட்டு. ஏறுமுகமாக வெட்டினால் உளி நாருக்குள் புகுந்து கடித்து இழுக்கும். அடிப்பக்கத்தை இப்போதே 14 மி.மீ. வரை மெலிக்க வேண்டாம். 24 மி.மீ. கெட்டியாக விட்டுவையுங்கள், குடைவின் அழுத்தத்தைத் தாங்கப் போவது அந்தக் கழுத்துத்தான்.

இப்போதே உப்புத்தாள். 120, 180, 240, 320 என்று வரிசையாக, 800 சுழற்சியில். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி, நார் ஓட்டத்தின் நீளவாக்கில் கையால் நான்கு இழுப்பு இழுத்தால் வட்டக் கீறல்கள் மறையும். 120-இல் போகாத கீறல் 320-இல் போகாது. எந்தத் தாளில் அவசரப்பட்டாலும் பூச்சு அடித்த அன்று அது தெரிந்துவிடும்.

வாசல் போடும் இடத்தில் முடிச்சோ வெடிப்போ இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். லேத்தைப் பூட்டுங்கள். பூட்டு வசதி இல்லாவிட்டால் சக்கின் தாடைக்கு அடியில் மர ஆப்பு செருகினால் போதும். உளித்தாங்கியை மைய உயரத்தில் வைத்து அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் நீளவாக்கில் ஒரு கோடு இழுங்கள். கோட்டில் வாயிலிருந்து 18 மி.மீ. கீழே வாசலின் மையம், 28 மி.மீ. கீழே குச்சியின் மையம். இரண்டையும் குத்தூசியால் குத்திவிட்டுக் கை ட்ரில்லைச் செங்குத்தாகப் பிடித்து வாசலை 10 மி.மீ. ஆழம், குச்சிக்குழியை 8 மி.மீ. ஆழம் துளையுங்கள். செங்குத்தா என்று தனக்குத்தானே பார்த்துக்கொள்வது கடினம். பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. குச்சி சாய்ந்தால் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பின்னால் கெட்டி மரம் தாங்கி நிற்பதால் ஓட்டையின் விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல இருக்கும். சுவரை மெலித்த பிறகு இதே ஓட்டையைப் போட்டுப் பாருங்கள், உள்பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்து நிற்கும். இப்போது உள்ளே பிய்ந்தாலும் கவலையில்லை, அந்த மரத்தைக் குடைவு எடுத்துக்கொண்டு போய்விடும்.

குடைவு. வேகத்தை 500-க்குக் குறையுங்கள். ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் தண்டில், வெட்டு விளிம்பிலிருந்து 34 மி.மீ. தூரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நடு முள் அதற்குமேலும் சில மி.மீ. முன்னே போகும் என்பதை மறக்கக் கூடாது. 5 மி.மீ.-க்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டிவிடுங்கள். சீவல் அடைத்துக்கொண்டால் சூடேறும், புகை வரும், வாய் விளிம்பு கருகும், வெளிர்நிறக் கட்டையில் அந்தக் கருப்பு போகவே போகாது. பிட்டை இழுக்கும்போது ட்ரில் சக்கை ஒரு கையால் டெயில்ஸ்டாக் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சக் தன் கூம்புப் பிடியிலிருந்து கழன்று கட்டையோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். வாசல் இருக்கும் ஆழத்தைக் கடக்கும்போது இலேசான தட்டல் சத்தம் கேட்கும். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது.

அதே இருப்பில், பிட்டை மாற்றி 6 மி.மீ. பிட்டால் குழியின் நடுவிலிருந்து இன்னும் 22 மி.மீ. துளையுங்கள். இது தொங்கலின் கழுந்துக்கான ஓட்டை. கட்டையைக் கழற்றித் திருப்பிப் பிடித்து அடியில் மையம் தேடுகிற வேலையே இல்லை. லேத்தே மையத்தைக் கொடுத்துவிடுகிறது.

கடைசியாக அடிப்பக்கத்தை 24-லிருந்து 14 மி.மீ.-க்கு ஸ்க்யூவால் இறக்கி, உப்புத்தாள் போட்டு, பார்ட்டிங் உளியால் அறுத்து எடுங்கள். உளி 6 மி.மீ. ஓட்டையைத் தொட்டதும் உடல் தானாகக் கையில் விழும். நடுவில் பிசிறு நிற்காது. வாசலின் உள்விளிம்பில் நார் ஒட்டியிருந்தால் பென்சிலில் சுற்றிய 240 உப்புத்தாளால் இரண்டு சுற்று.

கூரை

கூரையில் முதலில் அடிப்பக்கம். 50 மி.மீ. கட்டையை உருட்டி, உச்சி வரப்போகும் முனையில் சக்குக் கழுந்து எடுத்து, அடிப்பக்கத்தை டெயில்ஸ்டாக் நோக்கிப் பிடியுங்கள். 44 மி.மீ. விட்டத்துக்குக் கொண்டுவந்து முகத்தைச் சமமாக்குங்கள்.

25 மி.மீ. கழுந்தை அளவுகோல் வைத்து மட்டும் வெட்டினால் ஒன்று தளரும், அடுத்தது இறுகும். முதலில் 25.5 மி.மீ. விட்டுவிட்டு, நுனியை மட்டும் இலேசான கூம்பாக்குங்கள். லேத்தை நிறுத்தி அளவுக் கட்டையைக் கழுந்தில் செருகி ஒரு சுற்று திருகி எடுங்கள். மரம் உரசிய இடத்தில் பளபளப்பான ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் இருக்கும் விட்டம்தான் சரியான விட்டம், மீதியை அந்த அளவுக்கே இறக்குங்கள். முடிந்தபின் விரலால் அழுத்தினால் நுழைய வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. சுத்தியல் கேட்கும் அளவுக்கு இறுக்கம் வைக்க வேண்டாம். மழைக்காலக் காற்றில் கழுந்து ஊதினால் மெலிந்த வாய்ச் சுவரை அது வெடிக்க வைக்கும்.

கழுந்தைச் சுற்றி 32 மி.மீ. விட்டம் வரை உடலின் விளிம்பு உட்காரும் இடம். அந்த இருப்பிடம் கூரை விளிம்பைவிட 2 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும். அப்போது இறவாரம் (கூரையின் ஓரம்) கீழே சற்று இறங்கி, உடலும் கூரையும் சேரும் கோட்டை மறைத்துக்கொள்ளும். கழுந்தின் நடுவில் 16 மி.மீ. பிட்டால் 12 மி.மீ. ஆழம் குடைந்துவிட்டால் இரண்டு கிராம் குறையும். அதற்குமேல் போகாதீர்கள், உச்சியில் கொக்கித் திருகுக்கு மரம் வேண்டும். உப்புத்தாள் போட்டு, பின்பக்கம் 15 மி.மீ. கழுத்து வரும்வரை சரிவைத் தோராயமாக இறக்கி அறுத்து எடுங்கள். பன்னிரண்டையும் இந்த நிலைவரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி அளவுக் கட்டை சக்கில் ஏறும். கூரையின் கழுந்தை அதன் குழியில் அழுத்துங்கள். தளர்ந்தால் ஒரு மடிப்பு செய்தித்தாளை இடையில் வையுங்கள். முதலில் சுழலும் சென்டரை உச்சியில் இலேசாக முட்டுக்கொடுத்து, 1,800 சுழற்சியில் ஸ்பிண்டில் கௌஜால் இறவாரத்திலிருந்து உச்சிக்கு வெட்டிக்கொண்டு போங்கள். நேர்க்கோட்டுக் கூம்பைவிட, நடுவில் சற்று உள்வாங்கிய சரிவு அழகு. மணியின் சாயல் வரும், எடையும் குறையும். இறவாரத்தின் கனம் 2 மி.மீ. அதைக் கத்தி விளிம்பாகக் கூர்மையாக்க வேண்டாம், பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசும்போது முதலில் உடைவது கூர் விளிம்புதான். பெரும்பகுதி முடிந்ததும் சென்டரை விலக்கி, உச்சியை ஸ்க்யூவின் குதிகாலால் (விளிம்பின் விரிகோண மூலையால்) மெல்ல மெல்ல முடியுங்கள். இந்தக் கட்டத்தில் அழுத்தம் அச்சுவாக்கில் சக்கை நோக்கியே இருக்க வேண்டும், பக்கவாட்டில் தள்ளினால் கூரை குழியிலிருந்து துள்ளி வெளியே வரும்.

ஓலை அடுக்கு தெரிய வேண்டுமானால் ஸ்க்யூவின் கூர்முனையால் 6 மி.மீ. இடைவெளியில் நான்கு வரிப்பள்ளம் கீறி, அதில் சன்மைக்கா துண்டின் விளிம்பை அழுத்திப் பிடியுங்கள். உரசல் சூட்டில் பள்ளம் கருகி மெல்லிய கருங்கோடாகும். கம்பியால் எரிப்பதானால் இரு முனையிலும் மரக் கைப்பிடி போட்ட கம்பியாக இருக்கட்டும், விரலில் சுற்றிய கம்பி விரலைக் கொண்டுபோகும். வெளிர்நிறக் கூரையில்தான் இது எடுக்கும். சீமைக்கருவேலத்தில் பள்ளமே போதும்.

கழற்றுமுன் டெயில்ஸ்டாக்கில் 1.5 மி.மீ. பிட் மாட்டி உச்சியில் 8 மி.மீ. ஆழம் துளைத்துவிடுங்கள், கொக்கிக்கு. இந்த ஓட்டை மையம் விலகினால் வீடு சாய்ந்து தொங்கும். கையால் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

தொங்கல்

ஒடிவதெல்லாம் இங்கேதான் ஒடியும். நேரான நார் உள்ள துண்டை மட்டும் எடுங்கள். பக்கவாட்டில் நார் சாய்ந்து வெளியேறும் துண்டு எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் 4 மி.மீ. கனத்தில் முறியும். சீமைக்கருவேல வைரமும் புளிய வைரமும் இதற்குத் தாங்கும்.

இன்னொரு சின்னப் பிடிக்கட்டையில் 12 மி.மீ. ஓட்டை போட்டு, துண்டின் ஒரு முனையைக் கூம்பாகச் சீவி அதில் தட்டி இறக்குங்கள். பழைய கடைசல்காரர்கள் சக் இல்லாமலே வேலை செய்த முறை இது, மெல்லிய பொருளுக்கு இன்றைக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. வேகம் 2,500. நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு 10 மி.மீ. நீளத்தையும் வெட்டி, உப்புத்தாளும் போட்டு முழுதாக முடித்துவிட்டு அடுத்த 10 மி.மீ.-க்கு நகருங்கள். மெலிந்த நுனிக்குத் திரும்பவும் உளியோடு போகக் கூடாது. நுனியில் மிளகு அளவு ஒரு மணி, கழுத்தில் 3 மி.மீ., மேலே உடலைச் சந்திக்கும் இடத்தில் 14 மி.மீ. கடைசியில் 6 மி.மீ. கழுந்து. அளவுக்கு 6-7 ஸ்பேனரின் 6 மி.மீ. வாயை லேத்தை நிறுத்திவிட்டு வைத்துப் பாருங்கள், அது நுழைந்தால் கழுந்து சரி. கழுந்தின் தோளைச் சற்றே உள்குழிவாக வெட்டினால் உடலோடு இடைவெளி தெரியாமல் ஒட்டும். குழந்தைகள் கையில் போகும் வீடுகளுக்கு 40 மி.மீ. வேண்டாம், 15 மி.மீ.-இல் பம்பரக் கூம்பாக முடித்துவிடுங்கள்.

பூச்சும் பொருத்தலும்

அரக்கு வண்ணம் ஏற்றுவதானால் அது லேத்திலேயே, கூரை அளவுக் கட்டையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களில் பார்க்கும் அதே வேலை: வண்ண அரக்குக் குச்சியை 1,000 முதல் 1,200 சுழற்சியில் கூரையின்மேல் அழுத்தினால் உரசல் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு காய்ந்த தாழை மடலை மடித்து அழுத்தித் தேய்த்தால் கோடு கோடாக நின்ற அரக்கு பரவிக் கண்ணாடியாகும். சிவப்பும் பச்சையும் கிறிஸ்துமஸுக்குப் போதும். உடலில் அரக்குக் குச்சி வேண்டாம், வாசலின் விளிம்பில் அது கட்டியாகத் தேங்கும்.

உடலுக்கு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ், துணிப் பொட்டலத்தால் மூன்று மெல்லிய பூச்சு. மழைநாளில் அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூக்கும். வெயில் அடிக்கும் நாளில் நண்பகலில் அடியுங்கள். பூத்துவிட்டால் வெறும் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு வருடல் வருடினால் பெரும்பாலும் தெளியும். தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், அது காயாது, தூசு பிடித்துச் சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெய் நல்லது, ஆனால் காய வாரம் ஆகும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், கொடியில் விரித்துக் காயவிட்டபிறகே குப்பையில் போடுங்கள். ஒட்டும் பரப்புகளில் பாலிஷோ எண்ணெயோ படவே கூடாது. பட்ட இடத்தில் ஃபெவிகால் பிடிக்காது.

பொருத்தும்போது முதலில் தொங்கல். ஃபெவிகாலை ஓட்டைக்குள் மட்டும் தடவுங்கள், கழுந்தில் தடவினால் தோளில் பிதுங்கி வழியும். அடுத்து மூங்கில் பல்குச்சியில் 14 மி.மீ. வெட்டி, 10 மி.மீ. வெளியே நிற்கும்படி குச்சிக்குழியில் ஒரு சொட்டு ஃபெவிகாலோடு. ஃபெவிக்விக் வெளிர்மரத்தில் கறை விடும். கடைசியில் கூரை. வாயின் உள்சுவரில் மூன்று இடத்தில் மட்டும் சின்னப் பொட்டாக ஃபெவிகால், சுற்றிலும் வேண்டாம். நான்கு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். கொக்கியாகும் சின்னப் பித்தளை வளையத் திருகாணியைச் சோப்பில் ஒருமுறை தேய்த்துவிட்டு உச்சியில் கையாலேயே திருகுங்கள். குறடால் திருகினால் பித்தளை பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

தொங்கவிட்டதும் வீடு ஒரு பக்கம் சாய்ந்தால், உள்குடைவு மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். வாசல் வழியாக, கனம் குறைந்த பக்கத்துச் சுவரில் ஒரு சொட்டு ஃபெவிகாலோடு இரண்டு சின்ன ஈயக் குண்டு ஒட்டினால் நேராகும். கூரை மூன்று மாதத்தில் தளர்ந்தால் கட்டை முழுதாகக் காயாமல் கடைந்தது. பழைய பசையைச் சுரண்டிவிட்டுக் கழுந்தில் மெல்லிய பருத்தி நூல் ஒரு சுற்று சுற்றி மறுபடி ஒட்டலாம். ஆனால் உடலே நீள்வட்டமாகிவிட்டால் அதற்கு மருந்தில்லை. அந்தக் கட்டைக் குவியலில் மிச்சமிருப்பதை இன்னும் இரண்டு மாதம் காயவிடுங்கள்.

பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிச் செருப்பு அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். தொங்கல் மேல்நோக்கி இருக்கும்படி, கூரைமேல் உட்காரவைத்தால் நுனி ஒடியாது. கொக்கியை மட்டும் கழற்றித் தனிப் பொட்டலமாகப் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். பங்குனி வெயிலில் ஒருமுறை திறந்து, மாவுத்தூள் ஏதும் உதிர்ந்திருக்கிறதா என்று பெட்டியின் அடியைப் பாருங்கள்.